போனில் எது, டேபில் எது: மலையில் குரூப் 4 படிப்பவர்களுக்கு

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது பாடத்தைப் பற்றி இல்லை. "அக்கா, போன் இருக்கு, அண்ணன் கொடுத்த டேபும் இருக்கு. எதுல எந்த ஆப் வைக்கிறது?" என்றுதான் கேட்கிறார்கள். படிப்புக்கு டேப், மற்றதுக்கெல்லாம் போன் என்று பொதுவாக ஒரு யோசனை சொல்வார்கள். கீழே கோவையிலோ சென்னையிலோ அது ஒத்துவரலாம். இங்கே பலமாக மழை பிடித்தால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போகும். அதனால் ஒவ்வொரு ஆப்பையும் நான் இரண்டே கேள்வி கேட்டேன். நெட் இல்லாமல் ஓடுமா? சிம் இல்லாமல் ஓடுமா?

குரூப் 4 தேர்வு 2024இல் ஜூன் 9 அன்றும் 2025இல் ஜூலை 12 அன்றும் நடந்தது. அப்படியானால் படிப்பைத் தொடங்கும் மாதங்களில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை. தேர்வு நெருங்கும்போது கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. மாவட்டத்தில் ஏதாவது ஒரு மூலையில் மரம் சாய்ந்துகொண்டுதான் இருக்கும். சாலை அடைபட்டால் வீட்டுக்குத் தகவல் சொல்லவும், மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்குக் கூப்பிடவும் போனில் சார்ஜ் வேண்டும். ஆகவே போனில் வீடியோ வகுப்பு எதுவும் வேண்டாம். கவனம் சிதறும் என்பதற்காகச் சொல்லவில்லை, பேட்டரிக்காகத்தான் சொல்கிறேன்.

டேபில் முதலில் இருக்க வேண்டியது பள்ளிப் பாடநூல்களின் பிடிஎஃப். தேர்வில் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 வாங்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் 6ஆம் வகுப்பிலிருந்து தமிழ்ப் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டியாக வேண்டும். போனில் அதைச் செய்துபாருங்கள்: பெரிதாக்கினால் வரி பாதியில் வெட்டுப்படும், சிறிதாக்கினால் அடிக்குறிப்பும், நூலையும் ஆசிரியரையும் பற்றிச் சொல்லும் நூல்வெளிப் பெட்டியும் கண்ணுக்குத் தெரியாது. பல கேள்விகள் வருவதோ அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான். டேபை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு பக்கம் முழுதாகத் தெரியும்.

இன்னொன்று. பிடிஎஃபில் மஞ்சள் கோடு போட்டால், அது அந்தக் கோப்பில், அந்தக் கருவியில் மட்டும்தான் இருக்கும். ஒரே புத்தகத்தைப் போனிலும் வைத்துக்கொண்டால் பாதிக் கோடு இங்கே, பாதிக் கோடு அங்கே என்று ஆகிவிடும். புத்தகம் டேபில் மட்டும் இருக்கட்டும்.

டெலிகிராமை டேபில் வைப்பேன். பழைய வினாத்தாள்களும் நடப்பு நிகழ்வுத் தொகுப்புகளும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கின்றன. ஒரே எண்ணில் இரண்டு கருவியிலும் அது திறக்கும், போன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் டெலிகிராமுக்குள் திறந்து பார்த்த கோப்பு நம்மிடம் வந்துவிட்டது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இடத்தை மிச்சப்படுத்த, அது பழைய கோப்புகளைத் தானே அழித்துவிடும்படி செட்டிங் இருக்கும். தேவையானதை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சேமித்து, ஒருமுறை நெட்டை அணைத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது உங்களுடையது.

காசு கட்டிச் சேரும் வகுப்பு ஆப்கள் தனி ரகம். பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் நுழைய முடியும். டவுன்லோட் செய்த வீடியோவும் அந்த ஆப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும், மெமரி கார்டுக்கு மாற்ற விடாது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே டேபில் நுழைந்து, அங்கே ஓடுகிறதா, நெட் இல்லாமல் பார்க்க முடிகிறதா என்று இலவசப் பாடத்தை வைத்துச் சோதியுங்கள். நெட் இருந்தால்தான் ஓடும் என்கிற ஆப் எவ்வளவு நல்ல ஆசிரியருடையதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். நெட் இல்லாமல் ஓடும் ஆப்பின் அருமை நவம்பர் மழையில் தெரியும்.

சரி, போனுக்கு வருவோம். சிம் இல்லாத டேபில் யுபிஐ ஆப்பைப் பதிவு செய்ய முடியாது, ஏனென்றால் வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்து அதுவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும். தேர்வாணையப் பதிவுக்கான ஓடிபியும் போனுக்குத்தான் வரும். மெயில், வங்கி, டிஜிலாக்கர் எல்லாம் அதோடு சேர்த்தி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது பஸ் நேரத்தைப் பற்றித்தான். குன்னூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ தினமும் போய்வருகிறவர்கள் அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்று போனில் படிக்கப் பார்ப்பார்கள். வளைவில் திரும்பும்போது குனிந்து எழுத்தைப் பார்த்தால் வயிறு புரட்டும், முன்சீட்டுக்காரருக்கும் சங்கடம். ஆகவே போனில் கேட்கிற பொருள்தான் எடுபடும். அதற்குத் தனி ஆப் தேடி அலைய வேண்டாம், பெரும்பாலான போன்களில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர் போதும். பாடத்திட்டத்தில் உள்ள குறள்கள், அடைமொழியால் குறிக்கப்படும் நூல்கள், அரசியலமைப்புப் பிரிவு எண்கள் எல்லாவற்றையும் நம் குரலிலேயே பதிவு செய்யலாம். கேள்வியைச் சொல்லிவிட்டு ஐந்து விநாடி சும்மா இருந்து, பிறகு விடையைச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் மனசு தானாகப் பதிலைத் தேடும். பதிவு செய்யும் வேலையே ஒரு திருப்புதல்தான். இதற்கு ஈடான கட்டண ஆப் எதையும் நான் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நேரத்துக்கு ஆன்கிடிராய்டு என்கிற ஆப் நல்லது. நாம் எழுதிவைத்த அட்டைகளை, மறக்கப்போகும் சமயம் பார்த்து மறுபடி காட்டும், இலவசம், நெட்டும் கேட்காது. இரண்டு கருவிக்கும் பொதுவாக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சிங்க் செய்ய நெட் வேண்டும். அந்தத் தலைவலி எதற்கு? போனில் மட்டும் இருக்கட்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் சாதாரணக் கம்பளிக் கையுறையோடு தொட்டால் திரை அசையாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

வாட்ஸ்அப்பை டேபிலும் இணைக்கலாம், நான்கு கருவி வரைக்கும் அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. சொந்தக்காரர் குரூப், எஸ்டேட் குரூப், பள்ளி நண்பர் குரூப் எல்லாம் டேபிலும் மணியடிக்க ஆரம்பித்தால், புத்தகம் திறந்திருக்கிற திரையின் மேலேயே குட்மார்னிங் ரோஜாப்பூ வந்து விழும்.

இன்ஸ்டாகிராமை அழி என்று நான் சொல்வதில்லை. அழித்தவர்கள் பிரவுசரில் போய்ப் பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். போனிலேயே இருக்கட்டும். சாயங்காலம் கரண்ட் வருமோ வராதோ என்கிற ஊரில், போன் பேட்டரியை விடக் கண்டிப்பான ஹாஸ்டல் வார்டன் கிடையாது. போன் செட்டிங்ஸில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங்கில் நேரக் கட்டுப்பாடு வைப்பதும் உண்டு. நாமே போட்ட பூட்டை நாமே திறந்துகொள்ளலாம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. டேபில் கூடவே வந்த யூடியூப் போன்றவற்றை நீக்க முடியாது, ஆனால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் டிசேபிள் செய்யலாம்.

மாதிரித் தேர்வை மட்டும் இரண்டிலும் எழுதாதீர்கள். ஆப்பில் விரலால் தொட்டால் விடை பதிந்துவிடும். உண்மையில் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்ப வேண்டும், தெரியாத கேள்விக்கு விடை தெரியவில்லை என்கிற ஐந்தாவது வட்டமான E-யையும் நிரப்ப வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை எந்த ஆப்பும் காட்டாது. வினாத்தாளை டேபில் திறந்துவைத்து, விடையைக் காகிதத்தில் நிரப்புங்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் டேபில் புதிதாக எதையும் ஏற்றாமல், கோடு போட்ட பக்கங்களை மட்டும் பாருங்கள். ஹால் டிக்கெட் போனில் இருக்கிறது என்று இருந்துவிட வேண்டாம், போனைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். வந்த அன்றே பிரிண்ட் எடுங்கள். கடைசி நாளில் ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.