வாசலில் வந்து நின்ற பிறகு சொன்ன தேதி

2020ஆம் ஆண்டின் பெரும்பகுதியை நான் தென் லெபனானில், மாராக்கா என்னும் ஊரிலுள்ள மலேசியப் படை முகாமில், பண்டகக் காப்பாளராகக் கழித்தேன். விவிலியத்தில் தீரு என்று வருகிற பழைய துறைமுக நகரம் அங்கிருந்து மேற்கே, கடலோரத்தில் இருக்கிறது. லித்தானி ஆற்றுக்கும் தெற்கே லெபனானையும் இஸ்ரேலையும் பிரிக்கும் நீலக்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை ஐ.நா. அமைதிப் படை கண்காணித்துவந்தது. 2006 போரை நிறுத்த வந்த ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1701ஆம் தீர்மானத்தின்படி அந்தப் படை விரிவாக்கப்பட்டபோது, 2007இல் மலேசியாவும் அதில் சேர்ந்தது. தோழர்கள் நீலத் தொப்பியுடன் ரோந்துக்குப் போவார்கள். நான் அவர்களுடைய வண்டிக்கு டயரும், காலுக்குச் சப்பாத்தும், வயிற்றுக்கு அரிசியும் எண்ணிக் கொடுப்பேன். இதே பணிக்குப் போகவிருக்கும் தம்பிமாருக்கும், பினாங்கு மாநிலத்தின் பிறையிலோ பட்டர்வொர்த்திலோ அவர்களுக்காகக் காத்திருக்கப்போகும் குடும்பத்தாருக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பின்னணியில் இருப்பவனுக்கு ஆபத்து குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஊர் நினைவு அவனுக்குத்தான் அதிகம் என்பதை அங்கே போய்த்தான் அறிந்தேன். ரோந்துக்குப் போகிறவன் களைத்து வந்து உறங்கிவிடுவான். கதவைப் பூட்டிவிட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறவனுக்கோ இரவு நீளம். அப்போது பினாங்கில் நள்ளிரவாகியிருக்கும், வீட்டார் உறங்கியிருப்பார்கள். பிப்ரவரி 8ஆம் தேதி தைப்பூசத்தன்று என் மனைவி தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்த காணொளியைக் குளிர்மழைக்கு நடுவே, அரிசி மூட்டைகள்மேல் உட்கார்ந்து எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஏப்ரலில் விடுப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். தமிழ்ப் புத்தாண்டுக்கு வீட்டில் இருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொரோனா பரவலால் மார்ச் 18ஆம் தேதி பெய்ரூட் விமான நிலையம் மூடப்பட்டது. அதே நாளில் மலேசியாவிலும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. இரண்டு முனையும் ஒரே நாளில் அடைபட்டன. அடுத்து ஐ.நா. தன் படையினர் முறை மாறிப் போய்வரும் பயணங்களை ஜூன் 30 வரை நிறுத்திவைத்தது. ஜூலையில் வருவேன் என்றேன், அதுவும் நடக்கவில்லை. இரண்டாம் முறை தேதி தவறியபோது அம்மா அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "இனிமே தேதி சொல்லாதப்பா. வாசல்ல வந்து நின்னுட்டுச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். சமையலறை நாட்காட்டியில் ஏப்ரல் 14ஐச் சுற்றி அவர் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்ததை மனைவி பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். நான் செய்த பெரிய பிழை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். என்னிடம் இருந்தது ஒரு விண்ணப்பம். அதை நான் வாக்குறுதியாக வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

ஆகஸ்ட் 4ஆம் தேதி மாலை ஆறு மணி கடந்த சில நிமிடங்களில் பெய்ரூட் துறைமுகத்தில் சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துறைமுகத்தில் நின்றிருந்த வங்காளதேசக் கடற்படையின் பிஜோய் கப்பலும் சேதமடைந்து, அதிலிருந்த அமைதிப் படையினர் காயமுற்றார்கள். போர்முனை என்று எவரும் சொல்லாத இடத்தில் நின்றவர்கள் அவர்கள். பினாங்கில் அப்போது இரவு பதினொரு மணி தாண்டியிருந்தது. எங்கள் முகாம் தெற்கே வெகுதூரத்தில் இருக்கிறது என்று வீட்டாருக்குப் புரியவைக்க விடியும்வரை ஆயிற்று. புறப்படுவதற்கு முன்பே ஒரு வரைபடத்தில் முகாமையும் தலைநகரையும் குறித்து வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். நான் அதைச் செய்யவில்லை.

திரும்பும் முறை வந்தபோது பெட்டி கட்டுவது ஒரு மணி நேர வேலையாக இருந்தது. பண்டகசாலையை ஒப்படைப்பதற்குப் பல நாள் பிடித்தது. புதிதாக வந்த கோப்பரலும் நானும் ஒவ்வொரு பொருளையும் கையால் தொட்டு, தொடர் எண்ணைப் பேரேட்டுடன் ஒப்பிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். தார்ப்பாயில் கணக்கு நின்றுவிட்டது. ஏட்டில் 42, தரையில் 41. ஒன்று குறைந்தால் இழப்பு அறிக்கை, அதற்கு விசாரணை, அதுவரை என் விடுவிப்புத் தாளில் முத்திரை விழாது. இரண்டு இரவு தேடினோம். மூன்றாம் நாள் அந்தக் கோப்பரல் ஒரு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, "அண்ணே, இது மட்டும் ஏன் இவ்வளவு கனமா இருக்கு?" என்று கேட்டார். பிரித்தோம். குளிர்கால மழையில் நனைந்த இரண்டு தார்ப்பாய்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே மடிப்பாகக் காய்ந்திருந்தன. உள்ளே பூஞ்சை வாடை. மடித்தது நான்தான். ஈரமாக வரும் எதையும் மடித்து அடுக்காதீர்கள், மாதாமாதம் விரித்து எண்ணுங்கள். கடைசி வாரத்தில் எண்ணத் தொடங்கினால் ஒரு துணி உங்கள் விமானத்தை நிறுத்திவிடும்.

மருத்துவப் பரிசோதனை, மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரி, சுங்கப் படிவம் ஆகியவை சிக்கலின்றி முடிந்தன. விமானம் மலேசிய மண்ணில் இறங்கியதும் கண் கலங்கியது. ஆனால் கோலாலம்பூரில் பதினான்கு நாள் தனிமைப்படுத்தல் காத்திருந்தது. லெபனானில் இருந்த மாதங்களைவிட அந்த இரு வாரங்களே எனக்குக் கடினமாக இருந்தன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரத்தில் எட்டிவிடும் வீடு. பேசினால் இப்போது இருவருக்கும் ஒரே நேரம். வெளியே மாலை மழை, சன்னலைத் திறந்தால் நம் ஊர் மண்வாசனை. எப்போது விடுவார்கள் என்று மனைவி கேட்டபோது, முடிவு வந்ததும் சொல்கிறேன் என்று மட்டும் பதில் சொன்னேன். அப்படிச் சொல்வதற்கு மனம் வலித்தது. எனினும் மூன்றாவது முறையாக ஒரு தேதியை அவர்கள் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

விடுவித்த அன்று காலை நான் யாரையும் அழைக்கவில்லை. நண்பரின் காரில் ஏறி, ஈப்போவில் ஒரு தேநீருக்கு மட்டும் நிறுத்தி, பிற்பகலில் பிறைக்கு வந்துசேர்ந்தோம். அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, வேலிக்கு வெளியே நின்றபடியே, "அம்மா, இன்னிக்குத்தாம்மா" என்றேன்.