எர்னேசாக்ஸ்: பெருங்கூட்டத்தைப் பாடவைத்த கை

நமது பாடசாலைப் பாடகர் குழுவில் பாஸ் என்னும் தாழ்குரல் வரிசையில் நின்றவன் என்ற ஒரே தகுதியோடு இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். நால்குரல் பாட்டின் ருசி கண்ட நம்மவர்கள், எந்தக் கண்டத்தில் இருந்தாலும், ஒருமுறையாவது தேடிக் கேட்கவேண்டியவர் எஸ்தோனியாவின் சேர்ந்திசை நெறியாளர் குஸ்தாவ் எர்னேசாக்ஸ்.

1908 டிசம்பர் 12 இல் பெரிலா என்ற கிராமத்தில் பிறந்தவர். தலைநகர் தாலினின் இசைக்கல்லூரியில் 1931 இல் இசைக் கற்பித்தலை முடித்தார். 1934 இல் ஆர்தூர் காப்பிடம் இசையாக்கத்தை முடித்தார். முதலில் ஆசிரியர், பிறகே இசையமைப்பாளர் என்ற இந்த ஒழுங்கு அவருடைய பாட்டுகளில் நன்றாகத் தெரியும். பாடமுடியாத ஒரு வரியை அவர் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை என்றே சொல்வேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் எஸ்தோனியக் கலைஞர்களின் குழுக்கள் இயங்கின. அங்கிருந்து வளர்ந்ததுதான் 1944 இல் அவர் தொடங்கிய அரச ஆண்கள் பாடகர் குழு. 1975 வரை அதன் தலைமை அவரிடமே இருந்தது.

ஆண்கள் மட்டும் பாடும் குழு, கேட்பவர் நினைப்பதைவிடக் கடினமான கருவி. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் கலப்புக் குழுவுக்கு ஏறத்தாழ மூன்றரை ஸ்தாயி இடம் உண்டு. ஆண்கள் குழுவிலோ எல்லாவற்றிலும் தாழ்ந்த குரலான இரண்டாம் பாஸின் அடிச்சுரத்திலிருந்து, எல்லாவற்றிலும் உயர்ந்த குரலான முதல் டெனரின் உச்சி வரை இரண்டரை ஸ்தாயிதான். அந்த நெருக்கத்துக்குள் நான்கு குரல்களையும் அடக்கவேண்டும். கீழே இரண்டு பாஸ் குரல்களுக்கும் நடுவில் மூன்றாம் சுர இடைவெளியை (ச–க போல) வைத்தால் ஒலி கலங்கிப்போகும். ஒவ்வொரு சுரத்தோடும் தானாகவே சேர்ந்தொலிக்கும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று மோதுவதே காரணம். அங்கே ஐந்தாம் இடைவெளியோ (ச–ப போல) முழு ஸ்தாயியோ வைத்து, மூன்றாவதை டெனர்களிடம் விடுவது கைவந்த இசையமைப்பாளரின் வழி. அடுத்த தொல்லை முதல் டெனர். உச்சிச் சுரத்தை அவர்கள் நெஞ்சுக் குரலில் அழுத்தினால் சுருதி மேலே ஓடும், மற்ற மூன்று குரல்களும் மறைந்துவிடும். தலைக் குரலில் மெலிதாக எடுக்கப் பழக்கவேண்டும். அது ஒரு பருவத்தில் வந்துவிடும் பழக்கமல்ல.

இந்தக் குழு எந்தத் தரத்துக்கு உயர்ந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். ரஷ்ய இசையமைப்பாளர் ஷாஸ்தகோவிச் 1970 இல், பக்கவாத்தியம் இல்லாமல் ஆண்குரல்கள் பாடுவதற்கென எட்டுப் பாடல்கள் கொண்ட 'விசுவாசம்' என்ற தொகுதியை எழுதி எர்னேசாக்ஸுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டு டிசம்பரில் தாலினில் அரங்கேற்றியதும் இவர்கள்தான்.

ஆனால் ஊரறிந்த எர்னேசாக்ஸ், நாடெங்குமுள்ள குழுக்கள் ஒன்றுகூடிப் பாடும் எஸ்தோனியப் பாட்டுப் பெருவிழாவின் எர்னேசாக்ஸ். அந்த விழா 1869 இல் தார்த்து நகரில் தொடங்கியது. அன்று மேடையேறியவர்கள் ஆண்களும் பித்தளை வாத்தியக்காரர்களும் மட்டுமே. லிடியா கோய்துலாவின் 'என் தாயகமே என் அன்பு' என்ற கவிதைக்கு அப்போது குனிலைத் மெட்டமைத்திருந்தார். அதே கவிதைக்கு எர்னேசாக்ஸ் 1944 இல் புதிதாக மெட்டமைத்தார். 1947 விழாவில் அது ஒலித்தது. 1950 விழாவுக்கு முன்னரே, அவரோடு 1947 விழாவை வழிநடத்திய வெத்திக், பாட்ஸ், காரிண்டி மூவரும் சோவியத் ஆட்சியில் கைதானார்கள். எர்னேசாக்ஸ் தப்பினார். சோவியத் எஸ்தோனியாவின் அரச கீதத்துக்கு இசை தந்தவரும் இவரே; லெனின் பரிசும் சோஷலிச உழைப்பு வீரர் பட்டமும் பெற்றவர். இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை. 1960 இல் நிகழ்ச்சி நிரலில் இல்லாத கோய்துலா பாட்டைப் பாடகர்களே எடுத்துப் பாடினார்கள் என்பதும் அதே அளவு உண்மை. சுதந்திரக் கீதம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அதன் இடத்தை மக்கள் மனத்தில் இந்தப் பாட்டு பிடித்துக்கொண்டது.

அது ஏன் அத்தனை பேரின் வாயிலும் நின்றது? உணர்ச்சி ஒருபுறம் இருக்கட்டும், கட்டுமானத்தைப் பார்ப்போம். தாலின் விழா மைதானத்தின் வளைவு மேடை 1960 இல் ஆலார் கொட்லியின் வடிவமைப்பில் எழுந்தது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். இரண்டு பாடகர்களுக்கு நடுவே 70 மீட்டர் இருந்தால், ஒருவர் பாடியது மற்றவர் காதுக்கு 0.2 விநாடி பிந்தியே வரும். நிமிடத்துக்கு 75 தாள அடி என்ற நடையில் ஓர் அடி 0.8 விநாடி, ஆக கால் அடி பிந்துகிறது. பக்கத்திலிருப்பவரைத் தவிர மற்றவரைக் காதால் பின்பற்றினால் பாட்டு ஒவ்வொரு வரியிலும் இழுபடும். கண்தான் வழிகாட்டி. நெறியாளருக்கும் இதே பொறிதான்: பின்வரிசையின் ஒலி தன்னிடம் வந்து சேரட்டும் என்று கை ஒரு கணம் காத்தால், அந்தக் காத்திருப்பைப் பார்த்துப் பின்வரிசை இன்னும் பிந்தும். ஆகவே கேட்பதை நம்பாமல் கை தன் நடையில் போகவேண்டும். மேலெடுக்கும் முதல் அசைவிலேயே மூச்சு, வேகம், ஒலியளவு மூன்றும் தெரியவேண்டும். விரல் நுணுக்கங்களுக்கு அங்கே வேலையில்லை.

வேகமான, குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு இந்த மைதானத்தில் குழம்பிப்போவதற்குக் காரணமும் அந்தக் கால் அடிதான். எர்னேசாக்ஸின் மெட்டு நிதானமானது. நான்கு குரல்களும் சொற்களைப் பெரும்பாலும் ஒன்றாகவே உச்சரிக்கும். சற்றுப் பிந்தினாலும் ஸ்வரக்கட்டு உடையாது.

சுருதி இறங்குவது அடுத்த ஆபத்து. வாத்தியம் இல்லாமல் நீண்ட சுரத்தை நிறுத்தும்போதும், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போதும் இறங்கும். மூச்சு வரி முடிவில் எல்லாருக்கும் ஒன்றாகத் தீர்ந்தால் இன்னும் மோசம். சுரத்தின் நடுவில், பக்கத்தவர் எடுக்காத நேரம் பார்த்து ஒவ்வொருவரும் மூச்சைத் திருடிக்கொள்ளவேண்டும். சொல்லின் கடைசி மெய்யெழுத்தை முந்தி மூடுபவர்களும் உண்டு. 'ஸ்' என்றால் பாம்புப் புற்றுத்தான். கை மூடும்வரை உயிரெழுத்திலேயே நிற்கச் சொல்லிப் பழக்குவார்கள்.

விழாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாடுகிறார்கள். பாட்டுகள் வெகுகாலம் முன்னரே ஊர்க்குழுக்களுக்குப் போய்விடும். பிறகு வட்டார ஒத்திகைகளில் நெறியாளர்கள் நேரில் வந்து கேட்பார்கள்; ஆயத்தமில்லாத குழுவுக்கு இடமில்லை. மைதானத்தில் முழுக் கூட்டமும் சேரும் ஒத்திகை விழாவை ஒட்டிய சில நாட்களில்தான். அங்கே குரல்வாரியாக நிற்பதால், உங்கள் பக்கத்தில் பாடுபவர் முன்பின் அறியாத இன்னோர் ஊர்க்காரராக இருப்பார். சொந்தக் குழுவின் நல்ல குரலில் சாய்ந்துகொண்டு பாடியவர் அன்று அகப்பட்டுக்கொள்வார்.

எர்னேசாக்ஸ் தாலின் இசைக்கல்லூரியில் நெறியாள்கையும் கற்பித்தார். பின்னர் ஓபரா, வாத்தியக் குழுக்களின் நெறியாளராக உலகறிந்த எரி கிளாஸ் அவரிடம் படித்தவர். 1993 ஜனவரியில் எர்னேசாக்ஸ் காலமானார். புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் விழாப் பதிவுக்குப் போகுமுன் அவருடைய ஆண்கள் குழு பாடிய 'ஹக்கமே, மேஹெத், மினேமா' பாட்டை எடுங்கள். இரண்டாம் பாஸை மட்டும் முதலில் பின்தொடருங்கள்; முதல் டெனரை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.