பாறையில் வளர்ந்த செடிக்கு எரு எதற்கு?

பெரிய ப்ரோமெலியாட், அதாவது அன்னாசிக் குடும்பத்துச் செடி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன உரம் போடணும்?" என்றுதான். நான் உரத்தை விட்டுவிட்டு அது எந்த ஊர்ச் செடி என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேன், அது தெரிந்தால் பாதி வளர்ப்பு தெரிந்த மாதிரி.

அல்கான்டாரியா இம்பீரியாலிஸையே எடுத்துக்கொள்வோம். பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவை ஒட்டிய செர்ரா டோஸ் ஓர்காவோஸ் மலைகளில், மண் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத கிரானைட் பாறைமேல் வளர்கிற செடி அது. வேரின் முக்கிய வேலை பாறையைப் பற்றிக்கொள்வது. இலைகளின் அடிப்பகுதி ஒன்றை ஒன்று இறுக்கி நடுவில் கிண்ணமாக நிற்கும், அதில் மழைத் தண்ணீரும் சருகும் சேர்ந்து ஊறும், இலையில் இருக்கும் நுண்ணிய செதில்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். இப்படியே சாப்பிட்டு 1.5 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது! பிரேசிலின் தோட்டக்கலைஞர் ரொபேர்டோ பர்லே மார்க்ஸ் இதைப் பாறைகளுக்கு நடுவே வைத்தார், அதுதான் இதற்கு உரிய இடம்.

அதனால் தயவுசெய்து செம்மண்ணும் தொழுஉரமும் கலந்து ஆழமாகப் புதைக்காதீர்கள், அடி அழுகிவிடும். செங்கல் துண்டு, கரி, தேங்காய் மட்டைத் துண்டு, கொஞ்சம் பருமணல் போதும். வெறும் தேங்காய் நார்த்தூள் நம் மழைக்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எனக்கு அது பிடிக்காது.

அப்புறம் வெயில். இம்பீரியாலிஸ் மலைச் செடி, சென்னையின் கத்திரி வெயிலில் மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். கடலோரத் தோட்டம் என்றால் நான் ஏக்மியா பிளான்செட்டியானா என்ற இன்னொரு ப்ரோமெலியாடைத்தான் சொல்வேன். பிரேசிலின் கடற்கரை மணலில் வளர்கிற செடி, வெயிலும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம். நிழலில் வைத்தால் வெறும் பச்சை, நல்ல வெயிலில் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தகதகக்கும். நர்சரியில் பச்சைவலை நிழலில் நின்ற செடியை நேராக வெயிலில் வைத்தால் மட்டும் இலை கருகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

தண்ணீரைக் கிண்ணத்தில்தான் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் இலையில் வெள்ளைத் திட்டு படியும், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைக் கொடுங்கள். கொசு பயம் நியாயமானதுதான். வாரத்துக்கு இரண்டு முறை ஹோஸ் பைப்பை நடுவில் வைத்துப் பீய்ச்சினால் பழைய தண்ணீர் புழுவோடு வெளியே போய்விடும். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதைவிட முக்கியம், செம்பு. ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் அடிக்கிற காப்பர் ஆக்ஸிகுளோரைடு, போர்டோ கலவை மாதிரி செம்பு கலந்த பூஞ்சை மருந்தெல்லாம் ப்ரோமெலியாடுகளுக்கு விஷம். பக்கத்துச் செடிக்கு அடிக்கும்போது காற்றில் வந்து விழுந்தாலே பாதிக்கும், மூடி வையுங்கள்.

இம்பீரியாலிஸ் பூக்க 10 ஆண்டுக்கு மேல்கூட ஆகும். பூத்தண்டு ஆளுயரத்தைத் தாண்டி எழும், ஒரே முறைதான், பிறகு தாய்ச்செடி மெல்ல வாடிவிடும். கன்று வேண்டுமானால் செடி இளசாக இருக்கும்போதே அடியில் புல் மாதிரி வருகிறதா என்று பாருங்கள். அவை ஓரளவு வளர்ந்ததும் பிரித்து வைக்கலாம். ஏக்மியா கன்றுகளைப் பிரிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இலை ஓரமெல்லாம் முள்.