ஷார்ஜாவிலிருந்து கீழக்கரைக்குச் சாமான் வந்த கதை: ஒரு நாட்குறிப்பு

25 மே 2024, சனிக்கிழமை, கீழக்கரை

நானும் பிள்ளைகள் இருவரும் மதுரை விமான நிலையத்தில் வந்திறங்கி ஐந்து நாள் ஆகிறது. ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும் என்பதால் நாங்கள் முன்னால் வந்துவிட்டோம். ஷார்ஜா வீட்டைக் காலி செய்து, ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்த சாமான்களை அனுப்பிவிட்டு, மச்சான் (என் கணவர்) ஒரு பெட் ஸ்பேஸுக்கு, அதாவது பலர் பகிரும் அறையில் ஒரு படுக்கை இடத்துக்கு, மாறிக்கொள்வதாக ஏற்பாடு.

2016-ஆம் ஆண்டின் சுங்க விதிகளை இன்று நிதானமாகப் படித்தேன். இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருபவர், 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான வீட்டுச் சாமான்களை வரியின்றிக் கொண்டுவரலாம். அந்த இரண்டு ஆண்டுகளில் விடுமுறைக்காக இந்தியாவில் தங்கிய காலம் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆண்டுக்கு நாற்பது நாள் மட்டுமே வந்துபோன எனக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் நாம் வந்திறங்கிய பிறகு அனுப்பப்படும் சாமான், ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து கப்பலேற வேண்டுமாம். அப்படியானால் ஜூன் 20-தான் எனக்குக் கெடு. இடையில் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையும் வருகிறது.

28 மே, செவ்வாய்க்கிழமை

எதை அனுப்புவது, எதை விற்பது என்று காணொளி அழைப்பில் இரண்டு மணி நேரம் பேசினோம். தட்டைத் திரைத் தொலைக்காட்சிக்கு வரிவிலக்கு இல்லை. 300 லிட்டருக்கு மேற்பட்ட குளிர்பதனப் பெட்டிக்கும் இல்லை. எங்களுடையது 450 லிட்டர் என்பதால் இரண்டையும் அங்கேயே விற்றுவிட முடிவாயிற்று. மரத்தூள் பலகையால் செய்த அலமாரிகள் எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது என்று மாமி சொன்னார். அது சரியென்று எனக்கும் பட்டது. ஏப்ரல் 16-ஆம் தேதி ஷார்ஜாவில் பெய்த பெருமழையில் கீழ்த்தளத்தில் வைத்திருந்த கம்பளம் ஊறிப்போனதைத் துவைத்துக் காயவைத்து அனுப்பலாமா என்று மச்சான் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மிஞ்சியவை சலவை இயந்திரம், தையல் இயந்திரம், பிள்ளைகளின் மேசை, இரண்டு சைக்கிள்கள், 22 அட்டைப்பெட்டிகளில் அடங்கும் பாத்திரங்கள், துணிகள், புத்தகங்கள்.

1 ஜூன், சனிக்கிழமை

கப்பலில் இப்படிப்பட்ட வீட்டுச் சாமான்களுக்கு எடைக்கு அல்ல, பிடிக்கும் இடத்துக்கே பணம் வாங்குகிறார்கள் என்பதால் அளவெடுப்பதே முதல் வேலையாயிற்று. 60, 40, 40 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பெட்டி 0.096 கன மீட்டர்; 22 பெட்டிகளும் சேர்ந்தால் 2.11. கட்டிய பிறகு சலவை இயந்திரம் 0.47, தையல் இயந்திரம் 0.40, ஒரே பெட்டியில் இரண்டு சைக்கிள்கள் 0.28, பிரித்த மேசை 0.11. ஆகக் கூட்டினால் 3.37. (விமானத்திலும் இந்தக் கணக்கு உண்டு: அதே பெட்டியில் தலையணையை வைத்து அனுப்பினாலும், நீள அகல உயரப் பெருக்கத்தை 6000-ஆல் வகுத்து 16 கிலோ என்றே பில் போடுவார்கள்.)

மூன்று நிறுவனங்கள் விலை தந்திருக்கின்றன. ஒன்று 3,400 திர்ஹம், மற்றொன்று 2,300, மூன்றாவது வெறும் 950. மச்சான் 950-க்கே சம்மதித்துவிடலாம் என்கிறார். சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்) வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான்; மலிவாக வரும் எதையும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்துப் பழகியிருக்கிறேன். அந்தத் தாளின் கடைசி வரியில் "தூத்துக்குடித் துறைமுகம் வரை" என்று இருந்தது. வீடு என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை.

4 ஜூன், செவ்வாய்க்கிழமை

வாக்கு எண்ணிக்கை நாள். ஊரே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்ததால் சுங்க வேலைகளை முடித்துத் தரும் தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட் மாலையில்தான் தொலைபேசியை எடுத்தார். கண்டெய்னரிலிருந்து சாமானைப் பிரித்துக் கிடங்கில் வைப்பதற்கும், டெலிவரி ஆர்டருக்கும் (சாமானை விடுவிக்கும் சீட்டு), துறைமுகக் கையாளுதலுக்கும், தம் கூலிக்கும் சேர்த்து ஏறத்தாழ 31,000 ரூபாய் ஆகும் என்றும், கீழக்கரைக்கு வண்டி வாடகை 7,000 என்றும் சொன்னார். திர்ஹத்துக்கு 22 ரூபாய் 70 காசு என்று வைத்தால் 950 திர்ஹம் 21,565 ரூபாய். இங்குள்ள செலவையும் சேர்த்தால் அந்த மலிவு விலை 59,565 ஆகிவிடுகிறது. வீட்டு வாசல் வரை எல்லாம் அடக்கம் என்று எழுதித் தந்திருக்கும் 2,300 திர்ஹமோ 52,210 ரூபாய்தான்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டாவது நிறுவனத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாக இரவு பதில் வந்தது. அங்கே விசாரிப்பவர்கள் எல்லாரும் அந்தக் கரைச் செலவை மட்டுமே கேட்கிறார்கள். இந்தக் கரையில் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்தால் தெரிந்துவிடக்கூடிய காரியம் இது.

12 ஜூன், புதன்கிழமை

இன்று ஆட்கள் வந்து கட்டினார்கள். நாமே கட்டிய பெட்டிக்குள் ஏதேனும் உடைந்தால் காப்பீடு கிடைக்காது என்பதால், கண்ணாடிப் பாத்திரங்களை அவர்கள் கையாலேயே கட்டச் சொல்லியிருந்தேன். சாமான் இறக்குவதைப் பற்றி முன்பே சொல்லிவைக்காததால் லிஃப்டைத் தர மாட்டேன் என்று நாத்தூர் (கட்டடக் காவலாளி) ஒரு மணி நேரம் பிடிவாதம் பிடித்தாராம். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் எழுதி, அளவுநாடாவை வைத்தே மச்சான் படம் எடுத்துக்கொண்டார்.

14 ஜூன், வெள்ளிக்கிழமை

அந்தப் படங்கள் இன்றைக்கே தேவைப்பட்டன. கிடங்கில் மறுபடி அளந்ததில் 4.6 கன மீட்டர் வந்திருப்பதாகவும், ஒப்பந்தத்தின் 3.5-க்கு மேல் கன மீட்டருக்கு 450 திர்ஹம் வீதம் 495 திர்ஹம் கூடுதலாகத் தரவேண்டும் என்றும் செய்தி வந்தது. மச்சான் நேரில் போய்ப் பார்த்தால், சாமான்களை மரப் பாலெட்டின் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டின்) மேல் அடுக்கி, பாலெட்டின் உயரத்தையும் ஓரத்து வெற்றிடத்தையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக இறக்கி அளக்கச் சொன்னதில் 3.7-க்கு இறங்கியது, 90 திர்ஹம் கொடுத்து முடித்தார். அந்த வெயிலில் கிடங்கு வாசலில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார் மனிதர்.

17 ஜூன், திங்கள்கிழமை

பெருநாள். அங்கே நேற்றே முடிந்துவிட்டது. கப்பலைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

19 ஜூன், புதன்கிழமை

பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான சீட்டு) நகல் வந்தது. கப்பலேறிய தேதி ஜூன் 18. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால்.

5 ஜூலை, வெள்ளிக்கிழமை

பன்னிரண்டு நாளில் தூத்துக்குடி என்றார்கள், பதினேழு நாளாகிவிட்டது. கண்டெய்னர் கொழும்பில் கப்பல் மாறக் காத்திருக்கிறதாம். செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கிய பிறகு கொழும்புத் துறைமுகத்தில் நெரிசல் கூடிவிட்டது. மன்னார் வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் இட்லிப்பானை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில், 1964 புயலுக்கு முன், தம் வாப்பா கொழும்பிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவார் என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி அவர் தோளிலேயே வருமாம், இதைப்போல் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கும் தேவை இருந்ததில்லையாம்.

16 ஜூலை, செவ்வாய்க்கிழமை, தூத்துக்குடி

கொழுந்தனாரோடு அதிகாலையில் கிளம்பி, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாக வந்து சேர்ந்தோம். அசல் பாஸ்போர்ட்டோடு நானே வரவேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அதிகாரி பாஸ்போர்ட்டின் முத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணி, நான் இந்தியாவில் தங்கிய நாள்களைத் தாளில் கூட்டிப் பார்த்தார். பிறகு மூன்று பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். பெட்டிவாரியாக எழுதிய பட்டியல் கையில் இருந்ததால் பேச்சு வளரவில்லை. வரி ஏதும் விழவில்லை. நாளை முஹர்ரம் விடுமுறை. இன்று முடியாமல் போயிருந்தால் கிடங்கு வாடகை ஏறியிருக்கும்.

18 ஜூலை, வியாழக்கிழமை, கீழக்கரை

வண்டி பெரிய தெருவிலேயே நின்றுவிட்டது. எங்கள் சந்துக்குள் அது நுழையாது என்பதும், ஒப்பந்தத்தில் "வாசல்" என்று எழுதியவர்கள் கீழக்கரைச் சந்துகளைப் பார்த்ததில்லை என்பதும் உண்மைதான். ஓட்டுநர் 1,500 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். அதைக் கொடுப்பதைவிட 400 ரூபாய்க்குக் குட்டி யானை என்னும் சிறு சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து இரண்டு நடையில் இறக்கிக்கொண்டோம். 22 பெட்டிகளும் எண் தவறாமல் வந்து சேர்ந்தன. தையல் இயந்திரத்தின் ஒரு கால் மட்டும் வளைந்திருக்கிறது.

மின்சாரம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், ஆனால் அங்கே பிளக்கின் முனைகள் தட்டையானவை. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சலவை இயந்திரம் எல்லாவற்றுக்கும் பிளக் மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.