ஆயாவின் பேர்

ஏற்காட்டில் ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது மகள் கேட்டாள்: "அப்பா, ஜீவபுஸ்தகம்னா நிஜமாவே புஸ்தகமா?"

பரலோகம் சேர்பவர்களின் பேர் எழுதப்பட்டிருப்பதாக பைபிள் சொல்லும் புஸ்தகம் அது. எனக்கு ஆயா ஞாபகம் வந்தது. காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். காலையில் கணக்கு நோட்டில் பேர் ஏறாவிட்டால் அன்று கூலி கிடையாது. ஒருமுறை அப்படி விடுபட்டு, நாள் முழுக்கப் பறித்தும் வெறுங்கையோடு வந்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு ஜீவபுஸ்தகம் தாளும் மையும் கொண்ட நோட்டுதான்.

நான் அதை உருவகம் என்றே நம்புகிறேன். மறதி இல்லாத கடவுளுக்கு நோட்டு எதற்கு? சங்கீதம் 56:8-ல் கண்ணீரைத் துருத்தியில் வைக்கச் சொல்லி வேண்டுகிறார் தாவீது. அந்தத் தோல்பையை யாரும் தேடுவதில்லை. எசேக்கியேல் 13:9 இஸ்ரவேல் வம்சத்தாரின் அட்டவணையைச் சொல்கிறது. பேர் இருந்தால் நம் ஜனம். அந்த வழக்கத்தில் பிறந்த படம் இது.

உருவகம் என்றால் பொய் என்று அர்த்தமில்லை. ஜனங்களை மன்னியும், இல்லாவிட்டால் உம் புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்று மோசே மன்றாடும் இடத்தை (யாத்திராகமம் 32:32) என்னால் குரல் தழுதழுக்காமல் வாசிக்க முடிந்ததே இல்லை.

மகளிடம் ஆயா கதையை மட்டும் சொன்னேன்.

"அப்ப அங்க பெரிய ஆயா பேரு விட்டுப்போகாதுல்லப்பா?"

"போகாதும்மா."