பேஜ்மேக்கரிலிருந்து யூனிகோடுக்கு: பழைய புத்தகக் கோப்புகளை மீட்ட அனுபவம்

பதிப்பாளர் கேட்டது சின்ன விஷயம்தான். பல வருடங்களுக்கு முன் நான் டைப் செய்து பக்கம் கட்டிக் கொடுத்த சிறுகதைத் தொகுப்பை மறுபதிப்பு போட வேண்டும், கூடவே மின்னூலும் வேண்டும். கோப்பு என்னிடம் பத்திரமாக இருந்தது. ஆனால் அது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு, உள்ளே இருந்ததும் பழைய தமிழ் எழுத்துரு. அதிலிருந்து, இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு வருவதற்குள் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். இன்னும் எத்தனையோ டிடிபி கடைகளில் இதே மாதிரி கோப்புகள் கிடக்கின்றன.

பேஜ்மேக்கர் 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் அந்தக் கோப்புகள் திறக்கும், அதற்குப் பின் சந்தாவில் வரும் இன்டிசைனில் திறக்காது. ஆகவே பரணில் கிடந்த எக்ஸ்பி கணினியை இறக்கினேன். நல்ல வேளையாக ஓடியது. ஆனால் தமிழ் மென்பொருளுக்கான டாங்கிள், அதாவது கணினியில் செருகினால்தான் மென்பொருள் வேலை செய்யும் பூட்டுச் சாவி, செத்துப் போயிருந்தது. அது இல்லாமல் ஓர் எழுத்துகூட டைப் ஆகவில்லை.

விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தால், பழைய பில் இருந்தால்தான் பேசுவோம் என்றார்கள். பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு நேரில் போனால், "அந்த வெர்ஷனுக்கு சப்போர்ட் இல்லைங்க, புதுசா வாங்கிக்கோங்க" என்று கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அலைந்த அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய பொருளில் அடைத்த நம் எழுத்தைத் திரும்ப எடுக்க இன்னொரு முறை காசு கேட்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியில் வழி காட்டியது கடையில் வேலை பார்க்கும் தம்பி. "அக்கா, டைப் பண்ணத்தானே டாங்கிள் வேணும்? ஃபைலைத் திறந்து பாருங்க" என்றான். திறந்தேன், அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது! பூட்டு கீபோர்டுக்கு மட்டும்தான், எழுத்துரு விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலேயே இருந்தது. அதை முதல் வேலையாக பென்டிரைவில் நகல் எடுத்தேன். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

பேஜ்மேக்கரில் ஒவ்வொரு ஸ்டோரியாக, அதாவது தொடர்ந்து ஓடும் ஒவ்வோர் உரைப்பகுதியாக, எக்ஸ்போர்ட் செய்தேன். கர்சரை உரைக்குள் வைத்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட். கதைக்கு ஒரு கோப்பு, பொறுமை வேண்டும். பழைய எழுத்துரு உரையை யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றியில் போடுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. பழைய எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தவை. அதனால் உரைக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றியானது தமிழாக நினைத்துக் குதறிவிடும். நான் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் இடத்திலும் 9001, 9002 என்று எண் போட்டு, தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு, மாற்றியபின் திரும்பப் போட்டேன். எண்கள் மாற்றத்தில் சேதமாகவில்லை.

மாற்றுவது நொடி வேலை. அதற்கப்புறம்தான் தலைவலி. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. 'அவர்' என்று தேடினால் மட்டும் புத்தகம் முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: அங்கே இருந்தது ரகரம் இல்லை, துணைக்கால் மேல் புள்ளி, 'அவா்'. பழைய முறையில் அச்சில் வித்தியாசம் தெரியாது, மின்னூலில் தேடல் செத்துவிடும். துணைக்காலுக்குத் தமிழில் புள்ளியே கிடையாது என்பதால், 'ா்' வரும் இடமெல்லாம் 'ர்' என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். நோட்பேட்++ என்ற உரைத் திருத்தி இதைச் சுத்தமாகச் செய்தது.

ஔகாரம் இதைவிட மோசம். பழைய எழுத்துருவில் அதன் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம். எது எதுவென்று மாற்றிக்குத் தெரியாது. நான் முதலில் பயன்படுத்திய மாற்றி 'வெளியே' என்பதை 'வௌியே' ஆக்கியது. 'ௌி', 'ௌ்' என்று தேடி 'ெளி', 'ெள்' என்று மாற்றினால் இவை சரியாகிவிடும். வேறொன்று நேர்மாறாக, கௌரவத்தை 'கெளரவம்' என்றே விட்டது. இதை மொத்தமாக மாற்ற முடியாது, கெளுத்தி மீனும் சேர்ந்து மாறிவிடும். மௌனம், பௌர்ணமி, சௌந்தர்யம் என்று சொல் சொல்லாகத்தான் தேட வேண்டும்.

இனி யூனிகோடிலேயே டைப் செய்யலாம் என்று பார்த்தால், கீபோர்டு விஷயத்தில் ஒரு கணினி மையம் என் நேரத்தை வீணாக்கியது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த எனக்கு, இங்கிலீஷில் அம்மா என்று அடித்தால் தமிழில் வரும் முறையைத்தான் சொல்லிக் கொடுப்போம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையிலேயே அடித்து யூனிகோடு வாங்கலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் டைப்பிங் மென்பொருளில் அது இருக்கிறது, பாமினி எழுத்துருவின் விசைப்பலகையும் இருக்கிறது. டைப்ரைட்டர் பழகிய கைகளுக்கு முதல் நாளே வேகம் குறையாமல் வேலை ஓடும். நான் அதில் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, பிறகு தமிழ்99-க்கு மாறினேன். சென்னையில் 1999-ல் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை அது. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்பதற்கு நான்கே தட்டு. மணிக்கட்டு வலி குறைந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

இன்டிசைனில் முதலில் உரையைக் கொட்டியபோது கொம்பெல்லாம் இடம் மாறி நின்றது. பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஸ்டைலிலேயே அதை வைத்துவிடுங்கள். வரி கட்டுவதற்காக அன்று கையால் போட்ட ஹைஃபன்களும் வரி நடுவில் வந்து நிற்கும், அவற்றைத் தேடி எடுத்துவிட வேண்டும். அச்சகத்துக்கு எழுத்துருவைத் தனியாக அனுப்பும் தொல்லை போயிற்று, பிடிஎஃப் போதும்.

கோப்பே கெட்டுப்போன புத்தகங்களுக்கு அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கிறேன். நல்ல அச்சாக இருந்தால் பெரும்பாலும் சரியாகப் படிக்கிறது. பக்க எண்ணும் தலைப்பும் உரைக்குள் கலந்து வரும், ஒற்று சில இடங்களில் விடுபடும், ஆகவே மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். இருந்தாலும் முழுக்க மறுபடி டைப் செய்வதோடு ஒப்பிட்டால் பாதி வேலை மிச்சம்.

மறுபதிப்பு அச்சுக்குப் போய்விட்டது. மின்னூலில் இப்போது 'அவர்' என்று தேடினால் எல்லா இடமும் வருகிறது. அடுத்து ஒரு கவிதைத் தொகுப்பு எடுத்திருக்கிறேன், அதன் எழுத்துரு எந்த மாற்றியின் பட்டியலிலும் இல்லை. எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இப்படி அட்டவணை ஏற்கெனவே இருந்தால் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.