1979 பிப்ரவரியில் சீனா ஏன் வியட்நாமுக்குள் நுழைந்தது? நோக்கம் கேட்கும் வினாவுக்கு நான் படித்த முறை

குடிமைப்பணி முதன்மைத் தேர்வை வரலாற்று விருப்பப் பாடத்துடன் தமிழில் எழுதியவன் என்ற முறையில், உலக வரலாற்றுப் பகுதியில் ஒரே ஒரு வினா வகையைப் பற்றி மட்டும் இங்கே பகிர்கிறேன். ஒரு நாடு தன் அண்டை நாட்டின் மீது படையெடுக்க முடிவு செய்ததன் அரசியல் நோக்கங்களை ஆராயச் சொல்லும் வினா அது. இதற்குப் பயிற்சியாக நான் எடுத்துக்கொண்டது, 1979 பிப்ரவரி 17 அன்று சீனப் படைகள் வியட்நாமுக்குள் நுழைந்த நிகழ்வு. 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது எண்ணெய் வயலும் போர்க் கடனும் முன்னால் நின்றன. இங்கே அப்படிப்பட்ட பொருளியல் காரணம் எதுவும் முதலில் கண்ணில் படுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஆயுதமும் அரிசியும் கொடுத்து உதவிய பொதுவுடைமை நாடு, உதவி பெற்ற பொதுவுடைமை நாட்டையே தாக்கியது என்பதால், அரசியல் நோக்கத்தைத் தனியே பிரித்துப் பார்க்கப் பழக இது மிகவும் ஏற்றது.

பெரும்பாலான வழிகாட்டி நூல்களில் எல்லைத் தகராறு, வியட்நாம் வாழ் சீன வம்சாவளியினர் துன்புறுத்தப்பட்டது, கம்போடியா, சோவியத் நட்பு என்று நான்கு காரணங்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கும். நான்கும் உண்மைதான். ஆனால் அவற்றை அப்படியே எழுதினால், படையெடுப்பு ஏன் 1977இலோ 1981இலோ நடக்காமல் அந்தக் குறிப்பிட்ட மாதத்தில் நடந்தது என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. நோக்கத்தைக் கேட்கும் வினாவின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே காரணப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே தாளில் தேதிகளை மட்டும் எழுதிக்கொண்டேன்.

அந்தத் தாளில் 1978ஆம் ஆண்டு நெருக்கமாக நிரம்பியது. ஜூனில் வியட்நாம், சோவியத் தலைமையிலான காமெகான் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஜூலையில் சீனா தன் உதவிகளை நிறுத்தியது. நவம்பர் 3 அன்று மாஸ்கோவும் வியட்நாம் தலைநகரான ஹனோயும் நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. டிசம்பர் நடுவில் அமெரிக்காவும் சீனாவும் முழுத் தூதரக உறவு தொடங்குவதாக அறிவித்தன. அதே மாதத்தில்தான் சீனப் பொதுவுடைமைக் கட்சியின் மத்தியக் குழுக் கூட்டத்தில் அதன் மூத்த தலைவர் டெங் சியாவ்பிங்கின் கை ஓங்கியது. டிசம்பர் 25 அன்று வியட்நாமியப் படைகள் கம்போடியாவுக்குள் பெருமளவில் புகுந்தன. 1979 ஜனவரி 7 அன்று கம்போடியத் தலைநகர் புனோம் பென் வீழ்ந்து, சீன ஆதரவு பெற்ற போல் பாட் அரசு தூக்கியெறியப்பட்டது. ஜனவரி இறுதியில் டெங் அமெரிக்கா சென்று, வியட்நாமுக்குப் பாடம் புகட்ட வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகவே பேசினார்; அதிபர் கார்ட்டரிடம் திட்டத்தைத் தனிமையில் தெரிவித்தார். கார்ட்டர் அதை ஊக்குவிக்கவில்லை. ஆனால் அதற்காகச் சீனாவுடனான புதிய உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. டெங் நாடு திரும்பிய இரண்டே வாரங்களுக்குள் படைகள் எல்லையைக் கடந்தன. இப்படி வரிசைப்படுத்திய பிறகு, எல்லைச் சச்சரவு சாக்காகவும், கம்போடியா உடனடித் தூண்டுதலாகவும், வடக்கே சோவியத் ஒன்றியமும் தெற்கே அதன் கூட்டாளியுமாகத் தன்னைச் சூழ்கிறார்கள் என்ற பெய்ஜிங்கின் அச்சம் அடிப்படையாகவும் தாமாகவே படிநிலையில் அமர்ந்துகொள்கின்றன.

அடுத்ததாக, அறிவித்த காரணத்தை அப்படியே நோக்கமாக எழுதிவிடக் கூடாது. எல்லையில் வியட்நாம் செய்த அத்துமீறல்களுக்கு எதிரான தற்காப்புப் பதிலடி என்றுதான் சீன அரசு இதை அறிவித்தது. ஹனோயோ பெருநாட்டு ஆதிக்கவெறி என்றது. இரு தரப்புக் கூற்றையும் தலா ஒரு வாக்கியத்தில் குறித்துவிட்டு, நடத்தையைச் சான்றாகக் காட்டுவதே தேர்வுக்கு ஏற்ற வழி. நடத்தை என்று பார்த்தால், சீனா செய்யாமல் விட்டவைதான் அதிகம் பேசுகின்றன. தன் விமானப்படையை அது சண்டையில் இறக்கவில்லை. லாவ் காய், காவ் பாங், லாங் சன் ஆகிய எல்லைப்புற மாகாணத் தலைநகரங்களைத் தாண்டி, ஹனோயை நோக்கி நகரவில்லை. லாங் சன் விழுந்த கையோடு மார்ச் 5 அன்று விலகலை அறிவித்து, மார்ச் 16க்குள் முடித்துக்கொண்டது. அதே சமயம் சோவியத் எல்லையில் தன் படைகளை உஷார் நிலையில் வைத்திருந்தது. நிலத்தைப் பிடிப்பதோ ஆட்சியை மாற்றுவதோ குறிக்கோளாக இருந்திருந்தால் இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. மாஸ்கோ தன் கூட்டாளிக்காகப் போரில் இறங்காது என்று உலகத்துக்கும், குறிப்பாகத் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கும், காட்டுவதே குறிக்கோள் என்றால் பொருந்துகிறது. அந்த நவம்பர் ஒப்பந்தமும், தாக்குதல் நேர்ந்தால் இரு நாடுகளும் உடனே கலந்தாலோசித்துத் தக்க நடவடிக்கை எடுக்கும் என்றதே தவிர, படை அனுப்பியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. விடையில் இந்த ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தாலே பாடநூல் பட்டியலிலிருந்து விடை விலகி நிற்கும்.

உள்நாட்டு அரசியலைச் சற்று எச்சரிக்கையோடு எழுத வேண்டும். மாவோ இறந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. ஹுவா குவோஃபெங் இன்னும் கட்சித் தலைவராக இருந்தார். டெங் தன் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தார். ராணுவத்தைத் தன் தலைமையின் கீழ் இயக்கவும், அதன் பழைமையான போர்முறையை அம்பலப்படுத்திச் சீர்திருத்தத்துக்கு வழி திறக்கவும் இந்தப் போர் அவருக்கு உதவியது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். போர் அப்படிப் பயன்பட்டது என்பதை ஏற்கலாம். அதற்காகவே தொடங்கப்பட்டது என்பதற்குச் சான்று மெலிது. எனவே இதைத் துணை நோக்கமாகவே, 'என்றும் கருதப்படுகிறது' என்ற அளவில் எழுதுவது என் வழக்கம். நான்கு நவீனமயமாக்கல்களுக்கு (விவசாயம், தொழில், பாதுகாப்பு, அறிவியல்-தொழில்நுட்பம் ஆகியவற்றை நவீனப்படுத்தும் சீனத் திட்டம்) மேற்குலகத் தொழில்நுட்பமும் முதலீடும் தேவைப்பட்டன என்பதையும், சோவியத் எதிர்ப்பை வாஷிங்டனுக்குச் செயலில் காட்டுவது அதற்கு இசைவானது என்பதையும் இந்த இடத்திலேயே ஒரு வாக்கியத்தில் இணைத்துவிடலாம்.

இந்தியத் தேர்வு என்பதால் ஒரு தகவலைத் தவறவிட வேண்டாம். படையெடுப்பு நடந்த நாளில் அன்றைய வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் சீனாவில்தான் இருந்தார். 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு அவ்வளவு உயர்ந்த நிலையில் நடந்த முதல் பயணம் அது. அதை அவர் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார். இந்திய வெளியுறவுக் கொள்கை வினாக்களிலும் இது பயன்படும்.

விளைவையும் நோக்கத்தையும் குழப்பிக்கொள்வதுதான் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தியபோது நான் அதிகம் கண்ட குறை. வியட்நாமியப் படை 1989 வரை கம்போடியாவில் இருந்தது. எனவே சீனாவின் நோக்கம் தோற்றது என்று பலர் ஒரே அடியில் முடித்துவிடுகிறார்கள். கம்போடியாவிலிருந்து படையை விலகச் செய்வது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அந்த முடிவு சரி. சோவியத் உத்தரவாதத்தைச் சோதிப்பதும் நோக்கமாக இருந்ததால், அந்த அளவில் கணக்கு வேறு. மறுபுறம், போருக்குப் பின் வியட்நாமின் கேம் ரான் விரிகுடாவைச் சோவியத் கடற்படை பயன்படுத்தத் தொடங்கியதையும், சூழப்படுவோம் என்ற அச்சம் அதனால் கூடவே செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உயிரிழப்பு எண்ணிக்கையில் இரு நாடுகளின் கூற்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருப்பதால், விடையில் எந்த எண்ணையும் நான் எழுதியதில்லை.

தமிழில் எழுதுவோர் பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்துக்கொள்ள வேண்டும். கலைச்சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள் ஆங்கில வடிவம் தரத் தேர்வு விதி இடம் தருகிறது, ஆனால் ஒரு சொல்லுக்கு ஒருமுறை போதும். 250 சொற்கள் என்றால், பின்னணிக்கு நாற்பது சொற்களுக்கு மேல் கொடுக்காமல், சூழப்படும் அச்சத்துக்கும் கம்போடியாவுக்கும் பாதி இடத்தை ஒதுக்கி, உள்நாட்டு அரசியலை இரண்டு வாக்கியங்களில் முடித்து, போரின் வரையறுக்கப்பட்ட தன்மையைச் சான்றாகக் கடைசிப் பத்தியில் வையுங்கள். நேரம் நெருக்கினால் பின்னணியைச் சுருக்கலாம். அந்தக் கடைசிப் பத்தியைச் சுருக்க வேண்டாம்.